பாகம் மாற்றுவதா, புதிது வாங்குவதா? மலை சைக்கிளின் பழைய கணக்கு

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி நிற்கும் சைக்கிள்களை நீங்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் எண்ணினேன். மொத்தம் 31. அதில் 22 'எம்.டி.பி.' வகை, அதாவது தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் கொண்ட மலை சைக்கிள். பாதிக்கு மேல் காற்று இல்லை. ஃபிளாட் எண் ஒட்டாத சைக்கிள்களை அடுத்த காலாண்டில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சங்கத்தின் அறிவிப்பு வந்த நாளிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், கியர், பிரேக் எல்லாம் மாத்திட்டு இதையே ஓட்டலாமா, இல்ல புதுசு வாங்கிடறது நல்லதா?"

இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. மலை சைக்கிள் என்ற பொருளே இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். அந்தக் கதையை முதலில் பார்த்துவிட்டால், உங்கள் சைக்கிளுக்குப் பதில் சொல்வது சுலபம்.

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி என்றொரு பகுதி. அங்கே டமால்பைஸ் என்று ஒரு மலை. 1970களின் நடுவில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் 1930, 40களின் பழைய சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஷ்வின் கம்பெனி 1933ல் சிறுவர்களுக்காகக் கொண்டுவந்த 'பலூன் டயர்' சைக்கிளின் வழிவந்தவை அவை. யாருக்கும் வேண்டாத சாமான். கனமோ இருபது கிலோவுக்கு மேல். ஆனால் பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் தாங்காத கல்லும் மண்ணுமான பாதையில் இந்தக் கொழுத்த டயர் உருண்டு போகும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மலைமேல் கொண்டுபோய் அங்கிருந்து இறங்கினார்கள். கடகடவென்று சத்தம் போடுவதால் 'கிளங்கர்' என்று பெயர் வைத்தார்கள். நாம் 'டப்பா வண்டி' என்று சொல்வதைப் போல.

1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் வைத்தார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டுத் தீ அணைக்கப் போகும் வண்டிகளுக்காக வெட்டிய மண் பாதை. 2.1 மைலுக்குள் 1,300 அடி இறக்கம். அந்தப் பழைய சைக்கிள்களுக்குக் கைப்பிடி பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். ஒரு தடவை அடிவாரம் வருவதற்குள் ஹப் கொதித்து உள்ளே இருந்த கிரீஸ் முழுக்கப் புகையாகிப் போய்விடும். அடுத்த தடவை இறங்குவதற்கு முன் ஹப்பைப் பிரித்துக் கிரீஸைத் திரும்ப அடைக்க வேண்டும். திரும்ப அடைப்பதற்கு அவர்கள் பாஷையில் 'ரீபேக்'. பந்தயத்துக்கும் பாதைக்கும் அதுவே பெயராக நின்றுவிட்டது. ஒரு பராமரிப்புச் செலவின் பெயரில் அழைக்கப்படும் விளையாட்டுப் போட்டி உலகத்தில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்து என்ன செய்வார்கள்? நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் செய்தார்கள். கேரி ஃபிஷர் என்ற பந்தய வீரர் (ரீபேக்கில் 4 நிமிடம் 22 விநாடி என்ற சாதனை இவருடையது) தன் பழைய ஷ்வின்னில் டிரம் பிரேக் மாட்டினார், கியர் மாட்டினார், கட்டை விரலால் தள்ளும் கியர் லீவர் மாட்டினார். அந்தக் கூட்டத்தில் சிலர் மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரைக்கூடக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கியர் வந்ததும் மலையில் மிதித்தே ஏற முடிந்தது. ஏற முடிந்ததால் முன்னைவிட அதிக தடவை இறங்கினார்கள். பிரேக் நன்றாகப் பிடித்ததால் துணிந்து வேகமாக இறங்கினார்கள். எல்லாப் பளுவும் போய்ச் சேர்ந்த இடம் ஃப்ரேம். நாற்பது வருஷம் முன்பு, பள்ளிக்கூடம் போகும் பையனுக்காகச் செய்த ஃப்ரேம். ஃபோர்க் வளைந்தது, ஃப்ரேம் முறிந்தது. மாற்றலாம் என்றால் அந்த ஃப்ரேம் இப்போது எங்கும் தயாராவதில்லை.

ஒரு பாகத்தை உயர்த்தினால் அதற்கு அடுத்த பலவீனமான பாகம் தலைகாட்டும். அதை உயர்த்தினால் அதற்கடுத்தது. அவர்களுக்கு 1977ல் அந்த வரிசை ஃப்ரேமில் வந்து முட்டியது.

அந்த வருஷம் ஜோ பிரீஸ் என்பவர், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயில் புதிதாக ஒரு ஃப்ரேம் செய்தார். பழைய ஷ்வின் எக்செல்ஸியரின் அளவுகளையும் கோணங்களையுமே பின்பற்றினார். ஓட்டுகிற குணம் பழையது, உடம்பு மட்டும் புதியது. 1978க்குள் இப்படிப் பத்து சைக்கிள்கள். முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979ல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் சேர்ந்து, டாம் ரிட்சி செய்துகொடுத்த ஃப்ரேம்களில் பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். விலை சுமார் 1,300 டாலர். 1981ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி அதே மாதிரி சைக்கிளை ஜப்பானில் தொழிற்சாலையில் செய்து வாங்கி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற பெயரில் 750 டாலருக்கு விற்றது. இந்த இரண்டு விலைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் சேர்த்துப் பூட்டியதற்கும் தொழிற்சாலையில் மொத்தமாகப் பூட்டியதற்கும் உள்ள வித்தியாசம் அது. இன்றைக்கும் அது மாறவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சைக்கிள் குழு காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் போகிறது. வழியில் வரும் அந்தப் பள்ளத்தூரிலிருந்துதான் இந்தியாவின் பெரிய சைக்கிள் கம்பெனிகளில் ஒன்று புறப்பட்டது. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900ல் பர்மாவின் மௌல்மீனில் லேவாதேவி தொடங்கியவர். பிறகு அந்தக் குடும்பம் முதலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து தொழில்களில் போட்டது. 1949ல், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக டி.ஐ. சைக்கிள்ஸ் உருவானது. தொழிற்சாலை சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில். பர்மிங்காமில் 1910ல் பிறந்த ஹெர்குலிஸ் இப்படித்தான் நம்மூர்ச் சைக்கிள் ஆனது. 1955ல் ஆவடியில் குழாய்க்குத் தனித் தொழிற்சாலை வந்தது. 1960ல் சங்கிலிக்கு ஒன்று.

முதலில் சைக்கிள், அப்புறம் குழாய், அப்புறம் சங்கிலி என்ற அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சைக்கிளில் நெடுநாள் நிற்க வேண்டியது குழாய். அடிக்கடி தேய்ந்து மாற வேண்டியது சங்கிலி. இரண்டையும் ஒரே வீட்டுக்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து கறுப்பு ஹெர்குலிஸுக்கு உங்கள் கேள்வி எழுந்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை 'ஓவராயில்'. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஹப், பெடல், ஹேண்டில் எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவி, தேய்ந்த பால்ரஸை எறிந்துவிட்டு, புதிது போட்டு, கிரீஸ் தடவி, சக்கரத்தின் கோட்டத்தை ஸ்போக்ஸ் முறுக்கிச் சரிசெய்து தருவார்கள். எந்த ஊர் சைக்கிள் கடையிலும் பாகம் கிடைக்கும். ஏனென்றால் அளவு மாறவே இல்லை. அப்பா வாங்கியது பையனுக்கு வரும். பார் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்ட பையன் வளர்ந்து அதே சைக்கிளில் வேலைக்குப் போவான். அதற்குள் டயர் எத்தனை, செயின் எத்தனை, சீட் எத்தனை மாறியிருக்கும் என்று கணக்கில்லை. ஃப்ரேமும் அதில் பொறித்த எண்ணும் மட்டும் அதேதான்.

ஒன்று சொல்ல வேண்டும். கானாடுகாத்தானைத் தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பெண்கள் காத்திருக்கவில்லை, ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவிலுள்ள அந்த பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தனக்குத் தோதான சைக்கிள் வந்தால்தான் ஓட்டுவேன் என்று கீழ்த்தளத்தில் தூசி படிய விட்டிருக்கிற நம்மவர்கள், இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

அந்தப் பழைய வசதி மலை சைக்கிளில் எப்படிக் காணாமல் போனது என்பதுதான் அடுத்த கதை. 1990களில் இங்கேயும் தடித்த டயர் வந்தது. ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்.டி.பி. போன்றவை. முதலில் பலவற்றுக்குக் கியரே கிடையாது. தோற்றம் மட்டும்தான் மலை. பிறகு கியர், முன்பக்க சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் என்று வந்தன. உலகச் சந்தையில் இதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஜப்பானின் ஷிமானோ 1982ல் மலை சைக்கிளுக்கென்றே டியோர் எக்ஸ்.டி. என்ற பாகத் தொகுதியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பாகங்கள் தனித்தனியாக அல்ல, ஒன்றோடொன்று பொருந்தும் குடும்பமாக வர ஆரம்பித்தன. ஒரு குடும்பத்துப் பாகம் இன்னொன்றில் சேராது.

அளவுகளும் ஓடின. பின் சக்கரம் உட்காரும் இடத்தின் அகலம் 1980களில் 130 மில்லிமீட்டர். பிறகு 135. பிறகு தடித்த அச்சோடு 142. 2015 வாக்கில் 148. சக்கர அளவு 26 அங்குலத்திலிருந்து 29க்கும் 27.5க்கும் போனது. ஃபோர்க் நுழையும் குழாய் மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் ஆனது. பின் கியர் எண்ணிக்கை 7, 8, 9, 10 என்று ஏறி, 2012ல் முன்னால் ஒரே பல்சக்கரம் பின்னால் 11 என்றும், 2016ல் 12 என்றும் ஆனது. இவற்றில் சில உண்மையான முன்னேற்றம். சில, என் அபிப்பிராயத்தில், பழைய ஃப்ரேம்காரரைக் கடைக்குத் திரும்ப வரவழைக்கும் ஏற்பாடு. அளவை மாற்றிவிட்டால் ஓவராயில் செய்யும் வழி தானாக அடைபட்டுவிடும்.

மாறாமல் நின்றவையும் உண்டு. சங்கிலியின் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணி அரை அங்குலம். தாத்தாவின் ஹெர்குலிஸிலும் அதுதான், இன்றைய 12 கியர் சைக்கிளிலும் அதுதான். அகலம் மட்டும்தான் மெலிந்திருக்கிறது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றுவதும் அப்படியே.

இனி கணக்குக்கு வருகிறேன். பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், செலவு இரண்டு வகை. இருக்கிற சொத்தை இருக்கிற நிலையில் வைத்துக்கொள்ளச் செய்வது வருவாய்ச் செலவு. சொத்தின் திறனைக் கூட்டச் செய்வது மூலதனச் செலவு. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள், பால்ரஸ் எல்லாம் முதல் வகை. இவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம். ஃப்ரேம் நேராக இருந்தால் செய்துவிடுங்கள். நம் கீழ்த்தளத்து 22ல் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இவ்வளவுதான். 'கியர் விழவில்லை, புதுசு வாங்கணும்' என்று சொல்கிறவர்களின் சைக்கிளில் பல தடவை துருப்பிடித்த கேபிள்தான் குற்றவாளி.

குழப்பம் இரண்டாவது வகையில். 7 கியரை 9 ஆக்க வேண்டும், நல்ல சஸ்பென்ஷன் ஃபோர்க் போட வேண்டும், டிஸ்க் பிரேக் வேண்டும் என்பவை. உதாரணத்துக்கு 15,000 ரூபாய்க்கு வாங்கிய ஐந்து வருஷச் சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம். விலை குறைந்த சைக்கிள்களில் பின் கியர் 'ஃப்ரீவீல்' வகை, அதாவது ஹப்பின் மேல் மரையில் திருகி உட்காருவது. 9 கியர் 'கேசட்' வகை, அது உட்கார வேறு ஹப் வேண்டும். ஹப் மாறினால் சக்கரத்தையே மறுபடி கோக்க வேண்டும். கியர் மாறினால் லீவர், செயின், பின்னால் தொங்கும் டிரெய்லர் எல்லாம் மாற வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் அதை மாட்டும் காது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சே இல்லை. நல்ல ஃபோர்க் ஒன்றின் விலை அந்த முழுச் சைக்கிளின் விலையைத் தொடும். இதையெல்லாம் கூட்டினால் 15,000 ரூபாய் ஃப்ரேமின் மேல் இன்னொரு 15,000 போட்டு, 30,000 ரூபாய் சைக்கிள் கையில் இருக்காது. கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கும் பாகத்தை நீங்கள் ஒன்று வாங்குகிறீர்கள். 1,300 டாலருக்கும் 750 டாலருக்கும் இடையே இருந்த அதே பள்ளம்.

கானாடுகாத்தான் வீடுகளை இங்கே சொல்லலாம். பர்மா தேக்குத் தூணும் கதவும் வைத்துக் கட்டிய வீடுகள் பல பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் பாகம் பாகமாக வந்திருக்கின்றன. பிரித்து விற்கும்போது ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை. விற்கிறவருக்கு அது லாபம். சைக்கிளில் நீங்கள் நிற்பது வாங்குகிறவர் பக்கம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரேமை. துடைத்துவிட்டு, ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேருமிடத்தையும், பெடல் அச்சு போகும் இடத்தையும், பின் சக்கரம் பூட்டும் இடத்தையும் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு ஓடினாலோ, அங்கே துரு கசிந்தாலோ, அலுமினிய ஃப்ரேமானால் விவாதமே வேண்டாம், ஓட்டாதீர்கள். எஃகானால் நல்ல பற்றவைப்பவர் பார்த்துச் சொல்லட்டும். அடுத்து அளவு. பத்தாம் வகுப்பில் வாங்கிய சைக்கிளில் இன்று ஆறடிப் பையன் முழங்கால் மடித்து மிதித்துக்கொண்டிருந்தால் எந்தப் பாகம் மாற்றியும் பயனில்லை. அதை இன்னொரு வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது மாடியில் இருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, எங்கே ஓட்டப் போகிறீர்கள். நம் ஞாயிறு வழியில் மலை இல்லை. செம்மண், சரளை, கண்மாய்க் கரை, எங்கும் சீமைக் கருவேல முள். இந்தப் பாதைக்கு விலை குறைந்த சைக்கிளின் கனத்த சஸ்பென்ஷன் ஃபோர்க் சுமைதான். ரீபேக்கில் இறங்கியவர்களுக்கே அது கிடையாது. நல்ல டயர் இரண்டும், முள் குத்தாமலிருக்க உள்ளே வைக்கும் பட்டையும் போதும். இந்த ஒரு செலவில் சைக்கிள் ஓட்டும் சுகம் மாறுகிற அளவுக்கு வேறெதிலும் மாறாது என்பது என் அனுபவம். கொல்லிமலை, ஏற்காடு என்று கிளம்பப் போகிறவர் கதை வேறு. நிஜமான மலைப் பாதையில் இறங்கப் போகிறவருக்கு மரின்காரர்கள் 1977ல் கண்ட பதில்தான்: புதிய ஃப்ரேமிலிருந்து தொடங்கி முழுச் சைக்கிளாக வாங்குங்கள். பழையதில் போட்ட பணம் போனதுதான். அதைக் காப்பாற்ற இன்னும் பணம் போடாதீர்கள்.

செயினை மட்டும் நீங்களே அளக்கலாம். ஒரு கண்ணியின் ஊசி மையத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் இருபத்துநான்கு கண்ணி தாண்டி அடுத்த ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். புதுச் செயினை மட்டும் போட்டால் மிதிக்கும்போது நழுவும். செக்யூரிட்டி அறையில் 12 அங்குல எஃகு ஸ்கேல் ஒன்றும், ஃபிளாட் எண் எழுதும் ஸ்டிக்கர் கட்டும் வைத்திருக்கிறேன். அளந்துவிட்டு ஸ்கேலைத் திருப்பி வைத்துவிடுங்கள்.